ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில்

இந்த மாதிரிக் கதையை யாராவது ஆரம்பித்தால், எழுந்துபோய்த் துணி மடிக்கிற ஆள் நான். பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. பள்ளியில் கணக்கு டீச்சர், வீட்டுக்கு வந்தால் கையில் சால்டரிங் அயர்ன். ஒயரைச் சரியாக இணைத்தால் பல்ப் எரியும், இல்லாவிட்டால் எரியாது, உலகமே அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய ஃப்ளாட்டில் இருந்தோம். இன்டர்நெட் எங்கள் தெருவுக்கு வராத காலம். கம்ப்யூட்டரில் மோடத்தை மாட்டி, டெலிபோன் லைன் வழியாக, என்னைப்போல ஒயர் பைத்தியம் பிடித்தவர்கள் எழுதிவைக்கிற ஒரு புல்லட்டின் போர்டுக்குள் போவோம். ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும், அவர் எழுதிவைத்துவிட்டு வெளியே வந்தால்தான் அடுத்தவர் போய்ப் படிக்கலாம். பால் திரிந்தது, பஸ் நிற்காமல் போனது, நேற்றுச் செய்த ஆம்ப்ளிஃபயர் புகைந்தது, எல்லாவற்றையும் எழுதுவோம். இனிஷியலை மட்டும் போட்டு எழுதியதால் அங்கே எல்லோருக்கும் நான் ‘சார்’. திருத்தவும் தோன்றவில்லை.

எங்கள் கட்டடத்து லிஃப்ட், கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும். உள்ளே மாட்டிக்கொண்டவர் கத்தினால் கீழே கேட்காது. அதனால் ஒரு இன்டர்காம் செய்து தருகிறேன் என்று நானே வாயைக் கொடுத்தேன். போர்டில் கேட்டதும், ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருந்த கார்த்திக் என்பவர் சர்க்யூட் எழுதி அனுப்பினார். இரண்டு பெட்டி, ஒன்று லிஃப்டில், ஒன்று வாட்ச்மேன் ரூமில், நடுவில் ஒயர்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கணவர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கொட்டிவாக்கத்தில் இருந்த தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். லீவு என்பதால் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. லிஃப்ட் பெட்டி மட்டும்தான் தயாராகியிருந்தது. வாட்ச்மேனுக்கான பெட்டி எங்கள் சாப்பாட்டு மேஜையில் மூடி திறந்தபடி கிடந்தது, ஒயர் இன்னும் வாங்கவே இல்லை. சும்மா இருக்கிற நேரத்தில் இந்த ஒன்றையாவது மாட்டிவைப்போம் என்று டூல் பாக்ஸோடு லிஃப்டில் ஏறினேன். இரண்டாம் மாடி தாண்டியதும் கரண்ட் போய்விட்டது.

கம்பிக் கதவு போட்ட லிஃப்ட் அது. கதவுக்கு அந்தப்பக்கம் பூசாத சிமெண்ட் சுவர், தலைக்கு மேல் மூன்றாம் மாடித் தரையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு வெளிச்சம், அவ்வளவுதான். கத்திப் பார்த்தேன், ஸ்பேனரால் கம்பியைத் தட்டிப் பார்த்தேன். வாட்ச்மேன் பஷீர் பாய் சாப்பிடப் போயிருப்பார் என்று தெரியும். வியர்வையில் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருவதுபோல இருந்தது, மனசுதான், தெரியும், ஆனாலும் தள்ளித் தள்ளிப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன். வேறு எதையாவது செய்தால் தேவலை என்று, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பெட்டியை ஸ்க்ரூ போட்டு மாட்டினேன். பேட்டரியைச் சொருகினேன். உஸ்ஸென்று இரைச்சல் வந்தது. பிறகு ஒரு ஆண் குரல்.

“ஹலோ… யாராச்சும் இருக்கீங்களா?”

சந்தோஷமாக இருந்தது, சத்தியமாக. பட்டனை அழுத்தி, “இருக்கேன், இருக்கேன்! யாரு பேசறது?” என்றேன்.

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேங்க. ரொம்ப நேரமாச்சு.”

சின்னப் பையன் குரல், இருபது வயசு இருக்கும். பக்கத்துக் கட்டடமாக இருக்கும், அவர்களும் ஏதோ வைத்திருக்கிறார்கள், என் பெட்டி அதை வாங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். “நானும் மாட்டிக்கிட்டுதாம்பா இருக்கேன். பயப்படாதே, கரண்ட் வந்துடும். எந்த மாடி நீ?”

“ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. முன்னாடி சுவர்தான் தெரியுது. சாக்பீஸால ஒரு அம்புக்குறி போட்டிருக்கு, மேல பாத்தமாதிரி.”

டார்ச்சைத் திருப்பினேன். சுவரில் சாக்பீஸ் அம்புக்குறி இருந்தது. மேலே பார்த்தபடி.

பேட்டரியைப் பிடுங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன். இரைச்சல் நின்றது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், முன்னைவிட மெதுவாக, “ஆஃப் பண்ணாதீங்கக்கா” என்றது. பெட்டியிலிருந்து வந்ததா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறம் கத்தினேன் பாருங்கள், தொண்டை கிழிகிற மாதிரி. கண்ணைத் திறக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை, திரும்ப அங்கே இடமும் இல்லை. எவ்வளவு நேரமோ, மேலே செருப்புச் சத்தம் கேட்டது.

“இன்னா மேடம், நீங்களா உள்ள கீறீங்க? இருங்க, இருங்க, தோ வந்துட்டேன்.”

பஷீர் பாய் மூன்றாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தார். நான் கம்பிக் கதவைத் தள்ளிவிட்டு, டூல் பாக்ஸ் மேல் ஏறி நின்று கையை நீட்ட, தரையில் குப்புறப் படுத்து என்னை இழுத்துப் போட்டார். முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது, வலி தெரியவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பாய் எழுந்திருக்கவில்லை. மறுபடி அந்த இடுக்குக்குள் கையை விட்டு, “தம்பி, நீயும் வா, கைய குடு” என்றார்.

“பாய், உள்ள யாரும் இல்லை” என்றேன்.

அவர் சட்டென்று கையை வெளியே எடுத்துக்கொண்டார். டார்ச் உள்ளேயே விழுந்து எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தோம். என் டூல் பாக்ஸ், ஒரு ஸ்பேனர், அவ்வளவுதான். அவர் தோள்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே படியில் இறங்கிப் போனார்.

பெட்டியில் கேட்ட குரலைப் பற்றி போர்டில் எழுதினேன். தகரக் கவசம், அதான் ஷீல்டு, இல்லாத ஆம்ப்ளிஃபயர் ரேடியோ ஸ்டேஷனை இழுக்கும் சார், நாடகம் ஏதாவது ஓடியிருக்கும் என்றார் ஒருவர். கார்த்திக், பக்கத்தில் போகிற டெலிபோன் ஒயராக இருக்கும் என்றார். பதில் சொல்கிற நாடகம் எது என்று கேட்டேன். பாய் கை நீட்டியதை நான் போர்டில் எழுதவே இல்லை. ஒருவேளை என் சத்தத்தில் அவரும் குழம்பியிருக்கலாம், இரண்டு பேர் என்று நினைத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்டர்காம் வேலையையும் அதோடு விட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மழைக்காலத்தில் பாய் வேலையை விட்டு மகன் வீட்டுக்குக் கிளம்பினார். சொல்லிக்கொள்ள வந்தவர், காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“மேடம், அன்னிக்கு அந்தத் தம்பி என் கைய புட்ச்சுக்கினுதான் இருந்தாரு. நீங்க யாரும் இல்லன்னு சொன்னீங்களா, நான் பயந்து வுட்டுட்டேன்.”

“எப்படி இருந்துச்சு பாய், ஜில்லுனா?” என்று கேட்டேன். அப்படித்தானே சொல்வார்கள்.

“அதான் மேடம் தூக்கமே வரல” என்றார். “நல்லா சூடா இருந்துச்சு. உயிரோட இருக்கிற ஆளு கை மாதிரி.”