நானூற்றைம்பது டிகிரி

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பிரஸ்காரர் என்றுதான் பெயர். இருபத்தாறு ஆண்டு ஏழு மாதமாக ஒரே வேலை: நிக்கலும் டைட்டானியமும் கலந்த விரல் பருமன் தண்டை, பிரஸ் என்ற அழுத்து இயந்திரத்தால் முழங்கைபோல் மடங்கிய துளைக்குள் எட்டு முறை நெட்டித் தள்ளுவது. வளைத்தாலும் சூடு பட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பும் உலோகம் அது. இப்படிப் படாதபாடு படுத்தினால் அதன் உள்ளே இருக்கும் படிக மணிகள் பொடிப்பொடியாகி, பல்லாயிரம் முறை வளைத்தாலும் வடிவ நினைவு தளராது.

ஆய்வுக்கூடத் தலைவர் பெரிய மேதை. பிரஸ் அறைக்கு ஆண்டுக்கு ஒருமுறை, புகைப்படக்காரரோடு வருவார். சூடாக்காமலே தள்ளினால் மணிகள் இன்னும் சிறுக்கும் என்று எழுதிக் கொடுத்தார். முதல் நாளே மூன்று தண்டுகள் பிஸ்கட் மாதிரி உடைந்தன. பிரஸ்காரர் வாதாடவில்லை, அவர் சொல்லி யார் கேட்டார்கள்? நானூற்றைம்பது டிகிரிக்குச் சூடாக்கித் தள்ளினார். பதிவேட்டில் அதை அப்படியே எழுதினார். அதைத் தலைவர் புரட்டமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம்.

தண்டுகள் அருமையாக வந்தன. ‘அறை வெப்பநிலையில்’ என்று தலைவரின் கட்டுரையும் வந்தது. பாராட்டு விழாவுக்குப் பிரஸ்காரர்தான் நாற்காலி போட்டார்.

ஐந்தாம் மாதம், கட்டுரையை நம்பிப் பதினொரு தண்டுகளை உடைத்த தொழிற்சாலை ஒன்று, பதிவேட்டைப் பார்க்க இரண்டு பொறியாளர்களை அனுப்புவதாக எழுதியது. பிரஸ்காரர் ஓய்வுபெற நாற்பது நாள் இருந்தது. இரண்டு ஆண்டு நீட்டிப்புக்கான தாள் தலைவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பிரஸ் இல்லாவிட்டால் மனுஷன் நொடிந்துபோவார் என்று மனைவியே கவலைப்பட்டாள்.

தலைவர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இருபத்தாறு ஆண்டில் அதுவே முதல் தடவை.

“அந்த ஒரு பக்கத்த மட்டும் புதுசா எழுதிடுங்களேன். உங்க பேப்பர்ல இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்.”

“எழுதலாம் சார். அவங்க இன்னும் பத்துத் தண்டு உடைப்பாங்க. அதை எந்தப் பக்கத்துல எழுதறது?”

பொறியாளர்கள் வந்தார்கள், படித்தார்கள், அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டார்கள். தலைவர் அசரவில்லை. கீழ்நிலை ஊழியர் தகவல் தராததால் நேர்ந்த பிழை என்று வருந்தினார். அடுத்த மாதமே, நானூற்றைம்பது டிகிரியில் தள்ளும் ‘இளஞ்சூட்டு முறை’ என்ற தமது புதிய கண்டுபிடிப்பை அறிவித்தார். நீட்டிப்புத் தாளில் பேனா படவேயில்லை.

கடைசி நாள் பிரஸ்காரர் எண்ணெய் அளவைக் குறித்துவிட்டுச் சாவியை ஒப்படைத்தார்.

“ஒரு வரி மாத்தி எழுதியிருந்தா, இன்னும் ரெண்டு வருஷம் நான் நிம்மதியா இருந்திருப்பேன்,” என்றாள் மனைவி.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் அடுப்பருகே நின்று, பால் பொங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொண்டிருந்தார்.