ஆக்சுவலியைத் தடுத்த ஞாயிறு

அந்தச் சொல்லை யாரும் சொல்லவிடாமல் தடுத்துவிட்டால் அத்தைக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியபோது, நான் ஐந்தாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் 'ஆக்சுவலி' என்று கரும்பலகையில் எழுதி, 'உண்மையில்' என்று பொருள் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யார் உண்மை பேசியிருக்கிறார்கள்?

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடு தங்கி அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தாள். அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியைத் தமிழில்தான் புகழ்வார்கள். ஊர், தெரு, தாத்தா பெயர் எல்லாம் தமிழில்தான் விசாரிப்பார்கள். வேண்டாம் என்பதற்கு மட்டும் இங்கிலீஷ். "ஆக்சுவலி, பையன் ரெண்டு வருசம் போகட்டுங்கான்" என்றார் ஒருவர். அடுத்த தை மாதமே அந்தப் பையனின் கல்யாணப் பத்திரிகை எங்களுக்கும் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முந்தின வாரம் மகனோடு வந்து பார்த்துவிட்டுப் போன லோதி ரோடுக்காரர் தனியாக வந்தார். கையில் அத்தையின் ஜாதகம்.

"வாங்க அண்ணாச்சி" என்றார் அப்பா.

அவர் மப்ளரைக் கழற்றினார். "ஆக்சு..."

"மாமா, தண்ணி!" டம்ளரை நீட்டினேன்.

குடித்தார். "ஆக்சு..."

"மாமா, காப்பி கொண்டாரட்டா? சீனி போடலாமா? ஒங்களுக்குச் சுகர் இருக்கா?"

"ஏட்டி, வாயை மூடுதியா இல்லியா?" என்று அப்பா அதட்டினார். அம்மா என் காதைத் திருக வந்தாள்.

அதற்குள் அத்தையே முன்னறைக்கு வந்துவிட்டாள். "சங்கடப்படாதீங்க மாமா. வச்சிட்டுப் போங்க. குளிரு கூடுமுன்ன பஸ்ஸைப் பிடிங்க."

அவர் மப்ளரைத் திரும்பச் சுற்றிக்கொண்டார். ஜாதகத்தை ரேடியோ மேல் வைத்துவிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "அவர் சொல்லவே இல்ல அத்தே! நான் விடலையே!"

அத்தை "அச்சா" என்றாள். அவ்வளவுதான். ஜாதகத்தை டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கெல்லாம் அடியில் வைத்துப் பூட்டினாள். அன்று வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெயித்த வீட்டில் எதற்கு இந்த இழவு முகம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஒன்று மட்டும் புரிந்தது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு தடுப்பது சிரமம். அடுத்து வருகிறவரை பஸ் ஸ்டாப்பிலேயே பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் மூச்சுவிடாமல் நானே பேசிக் கூட்டிவர வேண்டும்.