தவளைக்கு மாத்திரை

தையல்காரம்மாவின் மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் தவளை. ஏழு வயது. நாற்காலியில் உட்காரச் சொன்னால் அதன் கைப்பிடியில் ஏறி நிற்பாள். பாதிக் கதையில் எழுந்து போய், வேறொரு கதையோடு திரும்பி வருவாள்.

"வகுப்புல உட்காரவே மாட்டேங்கிறா" என்று ஆசிரியை சொன்னபோது, தையல்காரம்மாவின் புத்தி தையலில்தான் போனது. பாவாடை எலாஸ்டிக் உறுத்துகிறது என்று முடிவு கட்டினாள். அதைப் பிரித்து மெல்லிய நாடா வைத்தாள். கழுத்துப் பட்டியை எடுத்தாள். பிசிறையெல்லாம் உள்ளே மடித்துத் தைத்தாள். அவ்வளவு சுகமான சீருடை அந்தப் பள்ளியில் வேறு யாருக்கும் கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு தவளை முன்னைவிட வசதியாகக் குதித்தாள்.

கடைசியில் குழந்தை மருத்துவரிடம் போனார்கள். அவர் பலமுறை பார்த்து, பள்ளியிலும் விசாரித்து, ஏ.டி.எச்.டி. என்றார்; மூளையின் இயல்பால் கவனமும் உடம்பும் ஓரிடத்தில் நிற்காது, வளர்ப்பில் குறையில்லை என்றும் சொன்னார். நடத்தைப் பயிற்சியோடு சிறிய அளவில் மாத்திரையும் கொடுத்துப் பார்க்கலாம். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம். ஒத்துவராவிட்டால் நிறுத்திவிடலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

லிப்ட் பழுது பார்க்கும் கணவனுக்கு இதில் இஷ்டமில்லை. "எதுக்கு மாத்திரை? நானும் சின்ன வயசுல இப்படித்தான். இப்ப நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கீங்க. வண்டிச் சாவி எங்க?"

அவன் சட்டைப் பையைத் தடவினான். அலமாரி மேல் துழாவினான். "பேச்சை மாத்தாத" என்றான், தேடிக்கொண்டே.

அவளுக்கும் பயம்தான். பிள்ளை பொம்மை மாதிரி ஆகிவிட்டால்? அந்தச் சிரிப்பு போய்விட்டால் எங்கே போய் வாங்குவது?

ஒரு மாலை தவளை தானே பொத்தான் தைக்கிறேன் என்றாள். இரண்டு குத்துப் போட்டாள், எழுந்தாள். திரும்ப உட்கார்ந்தாள், எழுந்தாள். பிறகு துணியை வீசிவிட்டுத் தையல் மெஷினுக்கு அடியில் புகுந்து அழுதாள்.

"பொத்தான்தானேடி செல்லம்? அம்மா தைச்சுத் தரேன்."

"எனக்குத் தைக்கணும்மா. உட்காரணும்னுதான் நினைக்கிறேன். அதுக்குள்ள எந்திரிச்சிடறேன். நான் கெட்ட பொண்ணாம்மா?"

பிள்ளை இத்தனை நாளும் உட்காரத்தான் பாடுபட்டது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும் குனிந்து உள்ளே போய் மகளைக் கட்டிக்கொண்டாள்.

"கொடுத்துப் பாப்போங்க" என்றாள் கணவனிடம். "முகம் வாடினாக்கூட டாக்டர்கிட்ட நானே போய்ப் பேசறேன்." தைத்த கூலியைக் கேட்கவே கூச்சப்படுகிறவள் அவள். "சரி, நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்" என்றான் அவன்.

விடுமுறை நாளாகப் பார்த்து, காலைச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை கொடுத்தார்கள். தவளை தரையில் படுத்துப் படம் வரைந்தாள். வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள்.

"எதுக்கு ரெண்டு பேரும் என்னையே பாக்கறீங்க?"

"உனக்குச் சிரிப்பு வருதான்னு பாக்கறோம்" என்றான் அப்பன்.

"உன் மூஞ்சியப் பாத்தா வராம இருக்குமா?" என்று உருண்டு உருண்டு சிரித்தாள். பிறகு கவிழ்ந்து படுத்து, விட்ட இடத்திலிருந்து வரையத் தொடங்கினாள்.