மாமாவின் கைக்கு உப்புத் தண்ணீர்

என் மாமாவுக்குக் கையைக் காய்க்க வைக்கும் பைத்தியம் பிடித்த வருடம், நான் திருத்தணியில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி அவர். எங்கள் வீட்டுத் தறியில்தான் சேலை நெய்தார். அரக்கோணத்தில் லாரி மெக்கானிக்காக இருந்த பாய் ஒருவர் அவருக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார். அங்கே நடக்கப்போகும் போட்டியில் ஜெயித்தால் ரயில்வே வேலை நிச்சயம் என்று பாய் சொன்னதுதான் தாமதம், மாமாவைப் பிடிக்க முடியவில்லை.

விடிந்ததும் மலைப்படியில் ஓடுவார். ஏதோ பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று எதிரே வருகிறவர்கள் அரோகரா சொல்லி வழிவிடுவார்கள். பிறகு புளியமரத்தில் கட்டிய மணல் மூட்டையை வெறுங்கையால் குத்துவார். விரல் முட்டியெல்லாம் தோல் பிய்ந்து நிற்கும். அந்தக் கையோடு தறியில் உட்கார்ந்தால் நூல் மாட்டாமல் என்ன செய்யும்?

"உன் கை பட்டாலே இழை அறுந்துகினு போவுதுடா. நீ நெய்யறியா, பிய்க்கறியா?" என்று நைனா, அதாவது என் அப்பா, கத்துவார்.

"இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்க பாவா. அப்பறம் ரயில்வேல ஏது நூலு?" என்று மாமா சிரிப்பார்.

சாயங்காலம் கால் மணி நேரம் உப்புத் தண்ணீரில் கை வைக்க வேண்டும், அப்போதுதான் தோல் காய்க்கும் என்பது பாயின் கட்டளை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் உத்தியோகம் எனக்கு. முதல் நாளே அடுப்படியில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உப்பு போடாத பாப்பா. வெறும் வெந்நி குடு. வாயத் தொறந்தே, முதுகுத் தோல உரிச்சிடுவேன்."

தம்பியின் மூஞ்சியை எவனாவது பேர்த்துவிடுவான் என்று அவளுக்குப் பயம். வெந்நீரில் ஊறிக் கை மெத்தென்று ஆகிவிட்டால், பாயே வேண்டாம் போ என்று அனுப்பிவிடுவார் என நினைத்தாள். எனக்கோ மாமா கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம். மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்ப்பேன். அவர் இரண்டு கையையும் முக்கிக்கொண்டு சாவகாசமாக என்னிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்பார். அப்பாடா, தெரியவில்லை என்று மூச்சு விடுவேன்.

பாய் ஒன்றும் அனுப்பிவிடவில்லை. போட்டி நடந்தது, நைனா என்னையும் ரயிலில் கூட்டிப்போனார். இரண்டாவது சுற்றிலேயே மாமா தோற்றார். பாய் கையுறையைக் கழற்றித் துணிக்கட்டைப் பிரித்தார். முட்டி முழுக்க ரத்தம்.

"இன்னாப்பா, கை ஊறுன அவலாட்டம் கீது? உப்புத் தண்ணில வெக்கலியா?"

"தெனம் வெச்சேன் பாய். இந்தப் பாப்பாதான் உப்பு போட்டுக் குடுத்துது. இல்ல பாப்பா?"

"ஆங்" என்றேன்.

மாமா தறிக்கே திரும்பினார். அம்மா, கொஞ்சமும் வெட்கமில்லாமல், அன்று கேசரி கிளறினாள்.

மாமா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளான பிறகு, ஊறுகாய்க்கு உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தேன். விரலில் அரிவாள்மணை கீறிய காயம் சின்னதாக இருந்தது. தண்ணீர் பட்டதும் எரிந்த எரிச்சலில் ஐயோ என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு அப்படியே நின்றேன். தோல் பிய்ந்த கையைக் கால் மணி நேரம் தண்ணீரில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு கேட்ட மனுஷனுக்கு, அதில் உப்பு இல்லை என்பது முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டேதான் அன்று பாயிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். நானோ அவரை ஏமாற்றிவிட்டதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.