பலகையின் நுனி

பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் உரிக்கும் வேலை ஒத்துவராமல், யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, கடற்கரையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம். பூதலூரில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அதற்குள் பல ஊர் வேலை பழகியிருந்தது. பட்டினியும்தான். கடலில் மட்டும் கால் வைத்ததில்லை.

சேதுபாவாசத்திரம் தாண்டி ஒரு மீனவர் ஊரில் திருவிழா. மதியம் பாய்மரப் படகுப் போட்டி. கரையில் பளபளவென்று நீலப் பெயிண்ட் அடித்த மரப்படகு ஒன்றில் இரண்டு பேர் பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த படகுக்காரர். மற்றவன் அவர் மனைவியின் தம்பி.

"வருஷக்கணக்கா மணல்ல காஞ்ச மரம் மச்சான். தண்ணியில ஊறுனாத்தான் பலகை உப்பி இடுக்கு மூடும்" என்றான் அவன்.

"ஊறப் போட நாள் எங்கடா இருக்கு? லீவு முடியுது. அதான் கப்பல் பெயிண்ட்டு அடிச்சிருக்கேன்ல!"

அவர்களுடைய பலகை ஆள் சிங்கப்பூர் போய்விட்டானாம். படகுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நல்லா கனமா இருக்கியே. வரியா? சோறு போட்டுக் கூலியும் தரேன்."

பாயில் காற்று ஏறினால் படகு ஒரு பக்கம் சாயும். எதிர்ப்பக்கம், கடலுக்கு மேல் நீட்டிய பலகையில் ஆள் உட்கார்ந்து அதைச் சமன் செய்ய வேண்டும். மணல் மூட்டையின் வேலை.

"எனக்கு நீச்சல் தெரியாதுண்ணே."

மச்சினன் சிரித்தான். "ரொம்ப நல்லதாப் போச்சு. நீச்சல் தெரிஞ்சவன் பயந்தா குதிச்சிருவான். தெரியாதவன் பலகையை விடவே மாட்டான்."

பசியில் ஏறிவிட்டேன்.

கொடி கட்டிய மிதவையைச் சுற்றித் திரும்பும்வரை மூன்றாவதாக வந்துகொண்டிருந்தோம். திரும்பியதும் காற்று ஓங்கி அடித்தது. படகு பாய்ப் பக்கமாகச் சாய்ந்தது. வெயிலில் காய்ந்து கிடந்த மேல் பலகைகள் அந்தப் பக்கம் கடலுக்குள் இறங்க, இடுக்குகளில் தண்ணீர் பீறிட்டது. பெயிண்ட் தோலாக உரிந்து மிதந்தது. படகுக்காரர் வெட்டிய கேனால் இறைத்தார். இறைக்க இறைக்க ஏறியது.

என் உடம்பு தானாகப் படகுக்குள் நகர்ந்தது. ஒரு முழம்தான் நகர்ந்திருப்பேன். படகு இன்னும் சாய்ந்து, பாயின் ஓரம் தண்ணீரைத் தொட்டது.

"உள்ள வராதடா! வந்தா மூணு பேரும் காலி! வெளிய போ, நுனிக்குப் போ!" மச்சினன் சுக்கானைப் பிடித்தபடி அலறினான்.

வெளியே என்றால் கடல். பிடித்துக்கொள்ள அங்கே பலகையைத் தவிர எதுவும் இல்லை. படகுக்குள் போகத் துடிக்கிற உடம்பை எதிர்த்திசையில் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்பதை எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு, உட்கார்ந்தபடியே பின்னால் பின்னால் நகர்ந்தேன். கால்சட்டை நனைந்தது கடல் தண்ணீரால் மட்டும் அல்ல. நுனியை எட்டியபோது படகு மெல்ல நிமிர்ந்தது. ஓட்டைப் பலகைகள் தண்ணீருக்கு மேலே வந்தன.

"அப்படியே இரு ராசா. அசையாத" என்றார் படகுக்காரர்.

போட்டியை விட்டுவிட்டு நேராகக் கரைக்குத் திருப்பினார்கள். அவ்வளவு தூரமும் நான் அந்த நுனியிலேயே இருந்தேன். காற்று கூடும்போதெல்லாம் அந்த இடுக்குகள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தன. ஒருமுறை பின்னால் சாய்ந்தால் நான் மட்டும் போவேன், முன்னால் நகர்ந்தால் மூவரும் போவோம் என்ற கணக்கே மனதில் ஓடியது. கரை தட்டிய பிறகும் விரல்கள் பலகையை விட்டுப் பிரியவில்லை. மச்சினன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

படகுக்காரர் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் படகையே பார்த்தார். "தூரத்துலேருந்து பாத்தவன்லாம் அழகா இருக்குன்னுதான் சொன்னான்" என்றார். சிரிக்க முயன்று, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றேன். மச்சினன் வலையோடு வந்தான். "எங்க மாமா ஒருத்தர் படகுல நண்டு வலை எடுக்கப் போறேன். ஆள் வேணும். வரியா?"

ஒரு இடத்தில் பயமோ சலிப்போ வந்தால் ஊர் மாறிவிடுவது அதுவரை என் வழக்கம். அன்று பயம் குறையாமலே அவன் பின்னால் நடந்தேன். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். ஆனால் நானாக ஒத்துக்கொண்ட முதல் வேலை என்று இன்றும் நினைப்பது அந்தக் காலையில் நண்டுப் படகில் ஏறியதைத்தான்.