கலர் அக்கா அழித்த நிழல்

ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்பவருக்கு எங்கள் அறையில் கலர் அக்கா என்று பெயர். ஸ்கேன் படங்களில் ஈரல், ரத்தக்குழாய், கட்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து நிறம் தீட்டுவதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. ஓர் ஆளுக்கு முந்நூறு, நானூறு படம் இருக்கும். அவற்றைக் கம்ப்யூட்டர் அடுக்கிவிட்டால் அந்த ஆளின் ஈரல் அப்படியே திரையில் எழுந்து நிற்கும். எங்கே கத்தி வைப்பது என்று டாக்டர் அதைச் சுழற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

அக்கா சரியான பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை வந்தபின், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். நான் ஒரு நாளில் முடிக்கிற ஈரலுக்கு அவருக்கு மூன்று நாள் வேண்டும். வெட்டப்போவது டாக்டர், உங்களுக்கு ஏன் ஈரக்குலை நடுங்குகிறது என்று கிண்டல் செய்வேன்.

போன வாரம் ஒரு பள்ளி வேன் டிரைவரின் ஈரல் வந்தது. மனிதர் நேரிலேயே வந்து அதைக் காட்டச் சொன்னார். உற்றுப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, என் மூஞ்சியவிட நல்லா இருக்கு” என்றார். அக்கா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த டிரைவருடைய கட்டிக்குப் பின்னால், எட்டே எட்டுப் படங்களில் ஒரு மெல்லிய நிழல் தெரிந்தது. அது ரத்தக்குழாயா, இல்லை ஸ்கேன் எடுக்கும்போது அவர் மூச்சு விட்டதால் விழுந்த கலங்கலா என்று அக்கா ஒரு பகல் முழுக்கத் தவித்தார். டாக்டருக்குச் சந்தேகமெல்லாம் பிடிக்காது. இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். நான்தான் எட்டிப் பார்த்து, மூச்சுதான், அழித்துவிடுங்கள் என்றேன். அழித்தார்.

ஆபரேஷன் நாள் காலை, டிரைவரை உள்ளே கொண்டுபோன பிறகு அக்கா அந்தப் படங்களை மறுபடி திறந்தார். முகம் வெளிறிவிட்டது. மூச்சு விட்டிருந்தால் ஈரலின் ஓரமும் கலங்கியிருக்க வேண்டுமே என்றார். ஓரம் கோடு போட்டது மாதிரி தெளிவாக இருந்தது.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்தார். டாக்டர் இப்போது பேச மாட்டார் என்று நர்ஸ் சொல்ல, நான் அதுவரை கேட்டறியாத குரலில், போனை அவர் காதில் வைக்கச் சொன்னார்.

“டாக்டர், கட்டிக்குப் பின்னாடி ஒரு ரத்தக்குழாய நான் அழிச்சுட்டேன். இருக்குன்னு நெனைக்கிறேன். உறுதியாத் தெரியல.”

இணைப்பு அறுந்தது.

அதன்பின் மூன்று மணி நேரம் அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. ஆள் போய்விட்டால் என்ன செய்வோம் என்பதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

மதியம் டாக்டரே வந்தார். அந்த ரத்தக்குழாய் அங்கே இருந்தது, வெட்டுமுன் பார்த்து நூலால் கட்டிவிட்டோம், டிரைவர் பிழைத்துக்கொண்டார் என்றார். அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். டாக்டர் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் முகத்திலும் பயம் இருந்தது.

“இதுக்கு முன்னாடியும் இப்படி அழிச்சிருக்கீங்களா?”

“ரெண்டு தடவ. எழுதி வெச்சிருக்கேன்” என்று அக்கா டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

என்னிடம் நோட்டு இல்லை. யாருடையதில் எதை அழித்தேன் என்ற நினைவும் இல்லை. அழிக்கும்போது ஒரு தடவைகூட நான் பயப்பட்டதில்லை.