கேட் திறப்பதற்குள் ஒரு கணக்கு

வங்கித் தேர்வுக்கு நானும் என் தோழியும் உருப்படியாகப் படித்தது துறைமுகம் போகும் ரோட்டில் இருந்த ரயில்வே கேட்டில்தான். கோச்சிங் போகும் வழியில் கேட் போட்டுவிட்டால் உப்பு லாரிக்காரர்கள் ஏசுவார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம். ஸ்கூட்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் கணக்கை வாசிப்பாள். கேட் திறப்பதற்குள் நான் விடை சொல்ல வேண்டும். கடைசி நிலக்கரி வேகன் வந்ததும், "ஏளா, சட்டுனு சொல்லு, கேட்டத் தொறக்கப் போறான்!" என்று முதுகில் குத்துவாள். எனக்கு விடைக்கு முன்னால் எரிச்சல்தான் வரும்.

வேலை இருவருக்கும் கிடைத்தது, ஆளுக்கொரு ஊரில். கேட் இருந்த இடத்தில் இப்போது மேம்பாலம். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், மறுபடி என் பின்னால் ஏறிக்கொண்டாள். பாலத்தில் ஏறியதும் பழைய கணக்கு ஒன்றை ஆரம்பித்தாள். அவள் கேள்வியை முடிப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது.